15-லிருந்து 16 இன்ச்: பெரிய வீல் போடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

முதல் கார் வாங்கி ஒரு வருஷம் ஆகியிருக்கும். கையில போனஸ் வந்திருக்கும். அப்பதான் அந்த ஆசை வரும்: அலாய் வீல், கொஞ்சம் பெரிய டயர் போட்டா வண்டி கெத்தா இருக்குமே! காரைக்கால் துறைமுகத்துல வேலை பார்க்கிறவரா இருந்தாலும் சரி, ஓஎன்ஜிசிக்குத் தினம் ஓட்டுறவரா இருந்தாலும் சரி, இந்த ஆசை வரத்தான் செய்யும். ஆசையில தப்பே இல்ல. ஆனா பணக்கணக்குல பார்த்தா, வீல் மாத்துறதுக்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது.

ஏன்னு பார்ப்போம். உங்க டயர் 40,000 கிலோமீட்டர் ஓடும்னு வச்சுக்குங்க. கார் டெலிவரி எடுத்த வாரமே மாத்தினா, புது டயரை கடைக்காரர் நல்ல விலைக்கு எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குவார். 40,000 ஓடி முடிஞ்சு மாத்தினா, டயர் எப்படியும் வாங்கித்தான் ஆகணும். அலாய்க்கு மட்டும்தான் கூடுதல் செலவு. ஆனா 15,000-ல மாத்தினா? இன்னும் 25,000 கிலோமீட்டர் ஓட வேண்டிய ரப்பரை செகண்ட் ஹேண்ட் விலைக்குத் தள்ளிவிடுறீங்க. போனஸ் வர்றதும் சரியா இந்த நேரத்துலதான்!

கடன்ல போட்டா இன்னும் மோசம். அலாய், டயர் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்னு வச்சுக்குவோம். 14% பர்சனல் லோன், 24 மாசம்னா இஎம்ஐ 2,881 ரூபாய். மொத்தம் கட்டுறது சுமார் 69,100. அழகுக்காக வாங்கின பொருளுக்கு 9,100 ரூபாய் வட்டி.

சரி, எந்த சைஸ்? மாருதி பலேனோவையே எடுத்துக்குவோம். கீழ் வேரியன்ட்டுல 185/65 ஆர்15, மேல் வேரியன்ட்டுல 195/55 ஆர்16 வருது. முதல் எண் டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. ரெண்டாவது, அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கவாட்டு ரப்பரோட உயரம்ங்கறது. கடைசி எண் ரிம், இன்ச்ல. கூட்டிப் பாருங்க: முதல் டயரோட மொத்த உயரம் 621.5 மிமீ, ரெண்டாவது 620.9 மிமீ. ரிம்மை ஒரு இன்ச் ஏத்தின கம்பெனி, ரப்பரைக் குறைச்சு உயரத்தை அப்படியே வச்சிருக்கு. இன்னும் மிரட்டலா இருக்கட்டும்னு 205/60 ஆர்16 போட்டீங்கன்னா உயரம் 652 மிமீ ஆயிடும். ஸ்பீடோமீட்டர் முன்ன காட்டினதைவிட சுமார் 5% கம்மியா காட்டும், பிக்கப் குறையும், ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உரசவும் வாய்ப்பிருக்கு. மைலேஜும் அடி வாங்கும். நாகப்பட்டினத்தைவிட இங்க பெட்ரோல் விலை கம்மிங்கற லாபத்தை டயர்கிட்ட கொடுத்துட்டு நிக்க வேண்டாமே.

இப்போ யாரும் பேசாத விஷயம், இன்சூரன்ஸ். வழக்கமான பாலிசியில டயர் மட்டும் தனியா அடிபட்டா கிளெய்ம் கிடையாது. காருக்கும் சேர்த்து அடிபட்டாதான் கிடைக்கும், அதுவும் டயர் மாத்துற செலவுல பாதிதான். 16 இன்ச்ல பக்கவாட்டு ரப்பர் 120 மிமீயிலிருந்து 107 ஆகக் குறையுது. அதாவது பள்ளத்துல விழுந்தா ரிம்மைக் காப்பாத்துற மெத்தை மெலிசாகுது. ஐப்பசி, கார்த்திகை மழையில தண்ணி தேங்கின ரோட்டுல பள்ளம் எங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்களா வாங்கிப் போட்ட அலாயை பாலிசியில சேர்க்கலைன்னா அதுக்கும் காசு வராது. கடல் காத்து வேற. ரிம்ல கீறல் விழுந்து கோட்டிங் போன இடத்துல உப்பு அரிக்க ஆரம்பிச்சிடும்.

சட்டமும் சும்மா விடாது. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ போட மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ-ல இடமிருக்கு. வடக்கே பூவம் தாண்டினா மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே வாஞ்சூர் தாண்டினா நாகை மாவட்டம். பிஒய்-02 வண்டியில தினம் தமிழ்நாட்டுக்குள்ள போயிட்டு வர்ற நமக்கு இது ஞாபகம் இருக்கணும்.

என்னைக் கேட்டா, டயர் தேயட்டும். அதுவரைக்கும் மாசம் 2,500 ரூபாய் ஆர்டி போட்டா ரெண்டு வருஷத்துல 60,000 வட்டியோட கையில இருக்கும். அப்பவும் உங்க மாடலோட மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கிற சைஸைத் தாண்டாதீங்க. அந்த சைஸ்லயே போடுற டயரோட லோட் இண்டெக்ஸ், கம்பெனி சொன்னதைவிடக் குறையாம இருக்கான்னும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகியிருக்கு, அதனால பழைய கொட்டேஷனை வச்சு பேசாதீங்க. பில்லுல அலாய் விலையையும் டயர் விலையையும் தனித்தனியா போடச் சொல்லுங்க. பாலிசியில அலாயைச் சேர்க்கும்போது அந்த பில்லைத்தான் கேட்பாங்க.