மண் பறக்கும் ஊரில் மறையாத படிப்பு

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. கோலார் தங்கவயலில் ஆடி பிறந்தால் பறப்பது அம்மி அல்ல, மண்!

காற்று கிளம்பியதும் லைன் வீடுகளில் பரபரப்பு தொடங்கிவிடும். பெண்கள் முதலில் கொடியில் காயும் துணிகளை எடுப்பார்கள். பிறகு தண்ணீர்க் குடங்களை மூடுவார்கள். வாசலில் மேயும் கோழிகளைக் கூடைக்குள் அடைப்பார்கள். வீட்டு நாய் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து மூலையில் படுத்துக்கொள்ளும். திண்ணையில் கிடக்கும் செய்தித்தாளை மட்டும் பெரியவர் தாமே எடுத்து வருவார். அதை உதறி, மடித்து, தலையணைக்கு அடியில் வைப்பார்.

இந்த மண் எங்கிருந்து வந்தது? சுரங்கத்தில் வெட்டிய கல்லை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தார்கள். மிச்சத்தை ஊருக்கு நடுவிலேயே கொட்டினார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கொட்டியது இன்று 13 மேடுகளாக நிற்கிறது. எடை 3 கோடி டன்னுக்கும் அதிகம். வெளியூர்க்காரர்களுக்கு இவை சினிமாவில் பார்த்த குன்றுகள். தங்கவயல்காரர்களுக்கோ இவை அப்பனும் பாட்டனும் பாதாளத்திலிருந்து வெட்டி மேலே அனுப்பிய பாறை.

மேலே குளிர், கீழே கொதிப்பு

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் கம்பளி இல்லாமல் விடியற்காலை வெளியே வர முடியாது. வெள்ளைக்காரர்கள் இதை 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடினார்கள்.

ஆனால் தொழிலாளிக்கு இன்னொரு பருவமும் உண்டு. சாம்பியன் ரீப் சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலே குளிர வைத்த காற்றைக் கீழே செலுத்தித்தான் வேலை நடந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள், மார்கழிப் பனியில் கூண்டில் ஏறி, சில நிமிடங்களில் சித்திரை வெயிலையும் மிஞ்சிய அனலில் போய் இறங்கினார்கள். கல்தூசி புகுந்து நெஞ்சைக் கெடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

சில வேளைகளில் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். மேலே நிலம் அதிரும், வீடுகளில் பாத்திரங்கள் உருளும். அப்போது பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலை நோக்கி ஓடுவார்கள்.

வாயில்லா ஜீவன்கள்

லைன் வீடு என்பது ஒரே ஒரு சிறிய அறை, முன்னால் கொஞ்சம் தட்டி மறைப்பு. மனிதருக்கே இடம் போதாத அந்த வீட்டில் கோழிக்கும் இடம் இருந்தது, ஆட்டுக்கும் இடம் இருந்தது. ஆடு ஆசைக்கு வளர்த்ததல்ல. அவசரத்துக்கு விற்கலாம் என்ற கணக்கில் வளர்த்த சேமிப்பு அது. மழைக் காலத்தில் மேட்டிலிருந்து வழிந்துவரும் நீரில் அது வாய் வைத்துவிடாமல் காப்பது சிறுவர்கள் வேலை.

நாய் வளர்த்தது மட்டும் கணக்குப் பார்த்தல்ல. ஷிப்டு மாறும் சங்கு ஊதினால் எழுந்து தெருமுனைக்குப் போய் நிற்கும் நாய்கள் உண்டு. இரவு ஷிப்டு முடிந்து வரும் எசமானுக்கு முதல் வரவேற்பு அதனுடையதுதான்.

ஒருவர் படிக்க, பலர் கேட்க

சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது 1905-ல்தான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்க இயந்திரங்களுக்காக. தொழிலாளர் தமக்கென்று ஏற்றிக்கொண்ட வெளிச்சம் வேறு. அதுதான் படிப்பு.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அதன் பெயர் 'தமிழன்' ஆயிற்று. 1914-ல் பண்டிதர் மறைந்த பிறகு இதழ் தடைப்பட்டது. அதை 1926-ல் மீண்டும் வெளிக்கொணர்ந்த ஊர் எது தெரியுமா? கோலார் தங்கவயல்தான்! ஆசிரியராக இருந்து நடத்தியவர் ஜி.அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்தே வெளியிட்டது.

எழுத்தறியாதவர்களும் இதழைக் 'கேட்டார்கள்'. திண்ணையில் ஒருவர் உரக்கப் படிப்பார், சுற்றிலும் மற்றவர்கள் குந்தியிருப்பார்கள். சாதி இழிவைப் பற்றியும், புத்தர் சொன்ன சமத்துவத்தைப் பற்றியும், கூலியைப் பற்றியும் விவாதம் நடக்கும். பழைய 'தமிழன்' இதழ்கள் ஆர்வலர்கள் சிலரால் கறையானுக்குத் தப்பியதால்தான், 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பாளையங்கோட்டையிலிருந்து நூலாக வெளிவர முடிந்தது.

இன்று ரயில்தான் வாசகசாலை

2001 பிப்ரவரி 28-ந் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. சங்கு நின்றது. பிள்ளைகள் வேலைக்குப் பெங்களூர் போகத் தொடங்கினார்கள். இருட்டோடு மாரிகுப்பத்தில் ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பாட்டன் கூண்டில் இறங்கிய நேரத்தில் பேரன் பெட்டியில் ஏறுகிறான். ஒரு பத்திரிகை நாலு கை மாறிப் படிக்கப்படுவதும், அரசியல் பேச்சு சூடு பிடிப்பதும் அந்தப் பெட்டியில்தான். இப்போது பலர் கையில் செல்போன், அதிலும் செய்தி ஓடுகிறது.

ஆனால் வீட்டுக்கு வீடு ஒரு கவலை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பேரப் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரிவதில்லை. கன்னடம் வாழும் மண்ணின் மொழி. அதைப் படிக்கத்தான் வேண்டும். அதற்காகத் தாத்தாவின் செய்தித்தாள் பேரனுக்கு வெறும் பொட்டலத் தாளாகிவிடலாமா?

மேடுகளுக்கும் புது வாழ்வு பேசப்படுகிறது. 13 மேடுகளிலும் மிஞ்சிய தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. மண்ணைக் கிளறினால் தூசி எங்கே போகும், வேலை யாருக்குக் கிடைக்கும், வீடுகள் என்ன ஆகும் என்பதெல்லாம் ஊர் மக்கள் கேட்க வேண்டிய கேள்விகள். கேள்வி கேட்க வேண்டுமானால் விஷயம் தெரிய வேண்டும். விஷயம் தெரிய வேண்டுமானால் படிக்க வேண்டும். அன்று திண்ணையில் குந்தியிருந்தவர்கள் கண்டுகொண்ட உண்மை இதுதான்.

காற்று ஓய்ந்ததும் பெண்கள் வாசலைப் பெருக்குகிறார்கள். கோழிகள் வெளியே வருகின்றன. நாய் உடம்பை உதறிக்கொண்டு திண்ணைக்குப் போகிறது. பெரியவர் தாளை எடுத்து, மண்ணைத் துடைத்து, பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைக்கிறார். தலைப்பின் பெரிய எழுத்துகளிலிருந்து பாடம் தொடங்குகிறது.