பால்வெட்டும் பளுவும்: முழங்கையின் கணக்கு

எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு வரும் முழங்கை வலி பெரும்பாலும் மூட்டுக்குள் பிறப்பதில்லை. தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண், எலும்பில் ஒட்டுகிற இடத்தில்தான் அது தொடங்குகிறது. முழங்கையின் வெளிப்புறம் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு முனையில், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் வந்து சேர்கின்றன. உட்புற முனையில் மணிக்கட்டை மடக்கும் தசைகள் சேர்கின்றன. பின்புறம் கையை நீட்டும் ட்ரைசெப்ஸின் இடம். வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாலே பாதி விவரம் தெரிந்துவிடும். வெளிப்பக்கம் வலித்தால் டென்னிஸ் எல்போ, உட்பக்கம் வலித்தால் கோல்ஃபர்ஸ் எல்போ என்பார்கள். அந்த ஆட்டங்களை ஆயுளில் ஆடியே இராதவர்களுக்குத்தான் இந்த இரண்டு வலிகளும் அதிகம் வருகின்றன.

இந்த மூன்று இடங்களில் வெளிப்பக்க வலியே மிகுதி. அதற்குக் காரணம் பிடி. ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது, விரலை மடக்கும் தசைகள் மணிக்கட்டையும் சேர்த்து மடக்கப் பார்க்கும். அதை மடங்கவிடாமல் நிறுத்துவது முன்கையின் மேற்பக்கத் தசைகளின் வேலை. பார்பெல்லைத் தரையிலிருந்து எடுத்தாலும், புல்-அப் கம்பியில் தொங்கினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் அந்தத் தசைநாண் இழுபடும். முதுகுக்கான பயிற்சி, தோளுக்கான பயிற்சி என்று அட்டவணை நாளுக்கு நாள் மாறினாலும் பிடிக்கு மட்டும் விடுமுறை நாள் வருவதில்லை.

பிடியின் சுமை ஜிம்மோடு முடிவதுமில்லை. கேரளத்தின் தென்கோடியில், பாறசாலையை அடுத்து, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது காரோடு. இந்த எல்லைப் பகுதியிலும் கிழக்கே விளவங்கோடு வட்டாரத்திலும் ரப்பர் மரங்கள் உண்டு. அவற்றில் நடக்கும் பால்வெட்டு முழங்கைக்கு நல்ல பாடம். பட்டையை மெல்லிய சீவலாக, உள்ளே வளர்படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் குறையும். அந்த நுணுக்கம் மணிக்கட்டில் இருக்கிறது. விடியுமுன் தொடங்கி முந்நூறு மரத்துக்குக் கத்தி வைத்தவர், மாலையில் ஜிம்மில் டம்பெல்லைப் பிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளரின் நோட்டில் மாலைச் சுமை மட்டும்தான் எழுதப்பட்டிருக்கும். தசைநாணுக்கோ காலையும் மாலையும் ஒரே வரவில் ஏறுகின்றன. வாழைக்குலை சுமப்பவருக்கும், கொத்து வேலைக்காரருக்கும், நாள் முழுக்க பைக் ஹேண்டிலைப் பிடித்திருப்பவருக்கும் கணக்கு இதேதான்.

தசையும் தசைநாணும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. தசைக்கு ரத்த ஓட்டம் மிகுதி என்பதால் சில வாரங்களிலேயே பலம் கூடிவிடும். தசைநாணில் கொலாஜன் இழைகள்தான் பெரும்பகுதி, ரத்தம் குறைவு, மாற்றம் மெதுவாகவே நடக்கும். கடும் பயிற்சிக்குப் பின் முதல் ஒன்று, ஒன்றரை நாளில் கொலாஜன் சேர்வதைவிடச் சிதைவதே அதிகம் என்றும், அதன் பிறகே வரவு மேலோங்குகிறது என்றும் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர். வரவு வருவதற்குள் அடுத்த செலவு வந்துகொண்டே இருந்தால் இழை நைந்துபோகும். மூன்று மாதத்தில் மேடைப் போட்டிக்கு உடம்பைத் தயாராக்கும் அவசரம் இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. தசையைச் செயற்கையாக ஊதவைக்கும் ஸ்டீராய்டு ஊசிகள் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கும். சிப்ரோபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகளும் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அவற்றைச் சாப்பிடும் நாட்களில் பளுவைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

வெளிப்பக்க முழங்கை வலியை 1873-இல் முதலில் எழுதிவைத்த ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், எழுதும்போது கை வலிப்பவர்களிடம்தான் இதைக் கண்டார். டென்னிஸ் பெயர் அடுத்த பத்தாண்டில் இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டது. நூறாண்டுக்கு மேல் இதை அழற்சி என்றே மருத்துவம் நம்பியது. 1979-இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர்கள், வெட்டியெடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்ததை எழுதினார்கள். அழற்சிக்குரிய அணுக்கள் அங்கே இல்லை. ஒழுங்கு குலைந்த இழைகளும், தாறுமாறாகக் கிளைத்த ரத்தக் குழாய்களும்தான் இருந்தன. அது அரைகுறையாக ஆறிய தேய்மானம்.

இந்த வித்தியாசம் சிகிச்சையையே மாற்றுகிறது. அழற்சி என்று எண்ணிப் போடப்படும் கார்ட்டிசோன் ஊசி, வலியைச் சட்டென்று அடக்கும். அதனால்தான் அதற்கு இத்தனை மவுசு. ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், 198 பேர் ஊசி, பிசியோதெரபி, வெறுமனே காத்திருத்தல் என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். ஆறாவது வாரத்தில் ஊசிக் குழுவே முன்னால் நின்றது. ஓராண்டு முடிவில் அதே குழு மற்ற இரண்டுக்கும் பின்னால் போயிருந்தது. அங்கேயே நடந்து 2013-இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஊசி போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி திரும்பியது. போலி ஊசி பெற்றவர்களில் அது எட்டில் ஒருவருக்குத்தான்.

ஆறவே ஆறாத வலிக்கு அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் தேவைப்படுவோர் சிலரே. சச்சின் டெண்டுல்கர் அந்தச் சிலரில் ஒருவர். கனமான மட்டையைப் பிடித்தே வளர்ந்த அவர், 2004-இல் இந்த வலியால் ஆட்டங்களைத் தவறவிட்டு, 2005 மே மாதம் லண்டனில் அறுவை செய்துகொண்டார். அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93 ரன் அடித்தார். இடையில் போனது ஐந்து மாதம்.

மற்றவர்களுக்கு மருந்து சுமையேதான், அளவோடு. முழு ஓய்வில் வலி அடங்கும், தசைநாண் மட்டும் இன்னும் இளைத்துவிடும். அதனால்தான் ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுப் பழைய எடைக்கே திரும்புகிறவருக்கு முதல் வாரத்திலேயே வலி வந்து நிற்கிறது. முதலில், மணிக்கட்டை அசைக்காமல் ஒரு டம்பெல்லை 30 முதல் 45 நொடி பிடித்து நிறுத்துவது, நாலைந்து முறை. பிறகு முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விட்டு, 1 கிலோ எடையை மற்றக் கையின் துணையோடு தூக்கி, வலிக்கும் கையால் மூன்று நான்கு நொடியில் மெல்ல இறக்குவது. 15 முறை, மூன்று சுற்று. செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலையும் வலி கூடுதலாக இருந்தால் எடை அதிகம் என்று பொருள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும்.

ஜிம்மை விட்டுவிட வேண்டியதில்லை. நேர்க்கம்பிக்குப் பதில் வளைந்த கம்பி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடி, இழுக்கும் பயிற்சிகளுக்கு மணிக்கட்டுப் பட்டை ஆகியவை பிடியின் பாரத்தைக் குறைக்கும். தலைக்குப் பின்னால் எடையை இறக்கும் ட்ரைசெப்ஸ் பயிற்சியைச் சில வாரம் ஒதுக்கலாம். கைக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் ஸ்குவாட்டிலும் ஒரு கண் வேண்டும். கம்பியைத் தோளில் தாழ்வாக வைத்து, மணிக்கட்டைப் பின்னால் ஒடித்துத் தாங்குகிறவர்களுக்கு உட்பக்க முழங்கை வலிக்கும். பலர் அதற்குப் பைசெப்ஸ் பயிற்சியைக் குறை சொல்வார்கள்.

வர்ம வைத்தியமும் அடிமுறை என்ற சண்டைக் கலையும் வாழும் மண் இந்த எல்லைப் பகுதி. எண்ணெய் போட்டு உழிந்துவிடுவது இங்கே முதல் உதவி. நாள்பட்ட வலியில் அது இறுக்கத்தைத் தளர்த்தி இதம் தரும். ஆனால் அடிபட்டோ பிசகியோ புதிதாக வீங்கிய முழங்கையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. காயத்தைச் சுற்றியுள்ள தசைக்குள் எலும்பு படிந்து, கை மடங்காமலே போகும் அபாயம் உண்டு. இந்திய எலும்பு மருத்துவப் பாடநூல்கள் இதைத் தனியே எச்சரிக்கின்றன.

சுண்டு விரலும் மோதிர விரலின் பாதியும் மரத்துப்போனால் சிக்கல் தசைநாணில் இல்லை, முழங்கையின் உட்புறப் பள்ளத்தில் ஓடும் நரம்பில். கையை நெடுநேரம் மடக்கி வைப்பதும், மடக்கியபடியே தூங்குவதும் அதை நெருக்கும். கடும் பயிற்சிக்கு மறுநாள் கை வீங்கி, சிறுநீர் பால் கலக்காத கட்டன் சாயா நிறத்தில் போனால், சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அது அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

டெட்லிஃப்டில் ஒரு கையை மல்லாத்திப் பிடித்துத் தூக்கும்போது முழங்கையின் முன்மடிப்பில் ‘டப்’ என்று கேட்டால், பைசெப்ஸின் கீழ்நாண் அறுந்திருக்கக்கூடும். நாற்பது கடந்த ஆண்களிடம் இது அதிகம். தசை மேலே சுருண்டு ஏறும், மடிப்பில் கன்றிப்போகும், திருகாணி முடுக்கும் பலம் பாதியளவு குறையும். வலி இரண்டொரு நாளில் அடங்கிவிடுவதால் பலர் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். அறுந்த நாணை எலும்பில் திரும்பப் பொருத்த ஏற்ற காலம் முதல் இரண்டு மூன்று வாரம்தான். பிறகு அது சுருங்கித் தழும்போடு ஒட்டிக்கொள்ளும், வேறிடத்திலிருந்து நாண் எடுத்து ஒட்டுப்போட வேண்டிவரும்.