கைம்மை நோன்பும் பெருங்கோப்பெண்டின் துணிவும்

ஒருவர் செய்யும் செயலை அவர்தம் உள்ளத்தின் விளைவு என்று கொள்வது வழக்கம். ஆயின் அவ்வுள்ளம் ஒரு சமுதாயத்தின் நடுவே உருப்பெறுவது. சமுதாயம் கட்டளையிட்டு ஒருவரை இயக்குதல் உண்டு. அவர்முன் உள்ள வழிகளைக் குறைத்து இயக்குதலும் உண்டு. முன்னையது எளிதிற் புலப்படும்; பின்னையது ஆராய்ந்து அறியத்தக்கது. இதற்குப் புறநானூறு நல்லதொரு சான்று தருகின்றது.

ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயத் துணிந்தாள். அப்பொழுது அவள் கூறியதாக அமைந்தது 246-ஆம் பாட்டு. காதலின் ஆழத்திற்கு எடுத்துக்காட்டாக இது போற்றப்பெறும். பாட்டினை உற்றுநோக்கின் இரண்டு செய்திகள் விளங்கும்.

ஒன்று, அரசியைத் தீயிற் செலுத்தினார் எவரும் பாட்டில் இலர். சூழ இருந்த சான்றோர் அவளை விலக்கவே முயன்றனர். விலக்கிய அவர்களையே அவள் சினந்து பேசுகின்றாள்.

மற்றொன்று, பாட்டின் நடுப்பகுதி முழுதும் கைம்மகளிர்தம் உணவையும் படுக்கையையும் பற்றியது. நெய் தீண்டாத பிழிந்த சோறு, எள்ளுத் துவையல், புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயின்றிப் பரற்கல்மேற் கிடத்தல் ஆகியவற்றை அடுக்கி, அத்தகைய மகளிர் யாம் அல்லேம் என்கின்றாள். அதன் பின்னரே, கணவன் மாய்ந்தமையின் தாமரைப் பொய்கையும் தீயும் தமக்கு ஒரு தன்மையவே என மொழிகின்றாள்.

இந்நோன்பு அவள் கற்பனை அன்று. இளமையில் தழையுடையாக உதவிய ஆம்பல், கணவன் இறந்தபின் அல்லியரிசி உணவாயிற்று என ஒக்கூர் மாசாத்தனார் 248-ஆம் பாட்டிற் பாடுகின்றார். தொல்காப்பியம் காஞ்சித்திணையுள் கணவனொடு தீப்புகுதலை மாலை நிலை என்றும், அவனை இழந்து நோற்றலைத் தாபத நிலை என்றும் வகுத்தது. கணவனை இழந்து உயிர்வாழ்வாளின் நோன்பு நிலையாக அங்குப் பேசப்படுவது தாபத நிலை.

ஆகவே பெருங்கோப்பெண்டின்முன் இருந்த வழிகள் இரண்டு. இரண்டும் வழக்கம் வகுத்தவை. சான்றோர் ஒன்றைத் தடுத்தனர். மற்றதன் கொடுமையைத் தணிப்பதாக அவர்கள் கூறியதற்குப் பாட்டிற் குறிப்பில்லை. அரசி என்னும் நிலையும் அவளுக்கு மூன்றாவது வழியொன்றைத் தந்திலது.

இதனால் அவள் காதல் பொய் என்பது பெறப்படாது. அரண்மனையிற் சிறிது பொழுது தனித்திருப்பினும் உயிர் நடுங்குபவள் என 247-ஆம் பாட்டு அவளைக் காட்டுகின்றது. காதல் அவளுடையது; அக்காதல் சென்றடைதற்கு அமைந்த வழி சமுதாயத்தினது. துணிவு தன்னுடையது என்றே அவள் கருதினாள். வழக்கத்தின் ஆற்றல் முழுமையாக விளங்குவது இவ்விடத்திலேதான்.

பிற்கால வரலாறும் இவ்வேறுபாட்டை வலியுறுத்தும். உடன்கட்டை ஏறுதல் வங்காளத்தில் 1829-லும் சென்னை மாகாணத்தில் 1830-லும் சட்டத்தால் தடுக்கப்பட்டது. கைம்பெண் மறுமணத்திற்குச் சட்டம் இடந்தந்தது 1856-இல். முதற் சட்டம் ஒரு வழியை அடைத்தது. புதிய வழியொன்று திறக்க ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. ஒருவர்தம் துணிவைப் போற்றுமுன்னும் பழிக்குமுன்னும், அவர்க்கு எத்தனை வழிகள் இருந்தன என வினவுதல் இலக்கிய ஆராய்ச்சியாளர் கடன்.