ஒரே லேப்டாப்பில் இரண்டு கம்பைலர்: பழுது மெஷினில் இல்லை

நமது கணினி அறைக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரும் கல்லூரிப் பிள்ளைகளிடம் ஒரே முறையீட்டை அடிக்கடி கேட்கிறோம். கல்லூரி லேபில் ஓடிய சி பிளஸ் பிளஸ் புரோகிராம் வீட்டில் பிழை காட்டுகிறதாம். தனக்கு எழுதத் தெரியவில்லை என்று பிள்ளை ஒடிந்துபோகிறது. மெஷின் பழுது என்று பெற்றோர் கடைக்கு எடுத்துப் போகிறார்கள். அங்கே எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள். பணமும் போகிறது, நகல் எடுத்து வைக்காத பிராஜெக்டும் போகிறது.

பெரும்பாலும் காரணம் மிகச் சிறியது. எழுதிய புரோகிராமைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றித் தருவது கம்பைலர். முதலாம் ஆண்டில் டெவ் சி பிளஸ் பிளஸ் போடுகிறார்கள். அதற்குள்ளேயே ஒரு ஜிசிசி கம்பைலர் வருகிறது. பிறகு விஷுவல் ஸ்டுடியோ கோட். அதில் கம்பைலர் கிடையாது என்பதால் இன்னொரு ஜிசிசியைத் தனியாகப் போடுகிறார்கள். பழையதை யாரும் எடுப்பதில்லை.

இரண்டு இருப்பது தவறல்ல. எதைக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல். விண்டோஸில் 'பாத்' என்றொரு பட்டியல் உண்டு. கமாண்ட் பிராம்ப்டில் 'ஜி பிளஸ் பிளஸ்' என்று அடித்தால், அந்தப் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களை வரிசையாகத் தேடி, முதலில் அகப்படுவதையே விண்டோஸ் ஓட்டும். பழையதா புதியதா என்று பார்க்காது. சீனியர் சொன்னார், வீடியோவில் சொன்னார்கள் என்று டெவ் சி பிளஸ் பிளஸின் ஃபோல்டரை அதில் சேர்த்து வைத்திருந்தால் வந்தது வினை. 2015-இல் வெளியான அதன் 5.11 பதிப்பில் இருப்பது ஜிசிசி 4.9.2. நாம் வேறு சொல்லாவிட்டால் அது 1998-ஆம் ஆண்டு விதிகளின்படியே படிக்கும். 'ஆட்டோ' போட்டுப் புதிய முறையில் எழுதிய 'ஃபார்' வரியைப் பிழை என்று தள்ளிவிடும். ஜிசிசி 6 முதல் அதே வரி தடையின்றி ஓடும்.

கண்டுபிடிப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்டில் (பவர்ஷெல்லில் அல்ல) 'வேர்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு 'ஜி பிளஸ் பிளஸ்' அடியுங்கள். இரண்டு வரி வந்தால் இரண்டு கம்பைலர். முதல் வரியில் இருப்பதே ஓடுகிறது.

சரிசெய்யும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாத் பட்டியல் இரண்டு: சிஸ்டத்துக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. சிஸ்டம் பட்டியலே முதலில் தேடப்படும். பழையது அங்கே இருக்க, புதியதைப் பயனர் பட்டியலில் எத்தனை மேலே ஏற்றினாலும் பயனில்லை. பழைய வரியை மட்டும் நீக்குங்கள். மற்ற வரிகளில் கை வைத்தால் வேறு மென்பொருள்கள் நின்றுவிடும்; ஆகவே தொடங்கும் முன் பட்டியலை மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு திறந்திருக்கும் ஜன்னல்களை எல்லாம் மூடித் திறந்து, புரோகிராமை முதலிலிருந்து கம்பைல் செய்ய வேண்டும். பழைய கம்பைலர் விட்டுச் சென்ற '.ஓ' ஃபைல்கள் புதியதோடு ஒட்டாமல் போகலாம். முன்னதாக அவற்றை அழித்துவிடுங்கள்.