இன்ஜின் சூட்டில் மதிய உணவு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பேருந்துகள் பலவற்றில் ஓட்டுநருக்கு இடப்புறம் பெட்டி போல ஒரு மூடி உயர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழேதான் இன்ஜின் இருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் அதன் மேல் ஒண்டி உட்கார்ந்து, சிறிது நேரத்தில் சூடு தாங்காமல் எழுந்துவிடுவார்கள். அதே மூடியின் ஓரத்தில் துணியில் சுற்றிய ஒரு டிபன் பாக்ஸும் சில சமயம் பயணம் செய்யும். வண்டி மேலே சேரும் வேளையில் அந்தச் சாப்பாடு ஆறிப்போகாமல் இருக்கும்.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? இதில் உணவைச் சூடு செய்யலாமா? சமைக்கவே செய்யலாமா? கேள்விகள் விளையாட்டாகத் தோன்றினாலும், நாம் வகுப்பில் படிக்கும் வெப்பவியல் பாடம் முழுவதும் இவற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 8,600 கிலோ கலோரி வெப்பம் கிடைக்கிறது. அவ்வளவும் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது என்று எண்ணிவிடாதீர்கள். தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு புகையாகக் குழாய் வழியே வெளியேறுகிறது. மீதி, ரேடியேட்டர் தண்ணீரைச் சூடாக்கியும் இன்ஜினின் உடம்பைச் சூடாக்கியும் காற்றில் கலந்துவிடுகிறது. புகையோடு போகும் பங்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுமார் 2,800 கிலோ கலோரி. நம் ஊர்க் குழாயில் காலையில் வரும் தண்ணீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்த வெப்பம் முழுவதையும் பிடிக்க முடிந்தால், முப்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். ஒரே ஒரு லிட்டர் டீசல் வீணாக்கும் வெப்பத்தில் ஒரு விடுதிக்கே காப்பி போடலாம் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் அதைப் பிடிப்பதுதான் கடினம்.

பிடித்துப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நீராவி ரயில்கள் ஓடிய காலத்தில், இன்ஜினின் அடுப்புக் கதவுக்கு மேலே இருந்த சிறு தட்டில் தேநீர்க் குவளையும் சாப்பாட்டுப் பாத்திரமும் வைத்துச் சூடாக்குவது ரயில் தொழிலாளர் வழக்கம். இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், கரி அள்ளும் மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவி, அதையே தோசைக்கல் போல அடுப்புக்குள் நீட்டி முட்டை பொரித்தார்கள். நீராவி இன்ஜின் எரிபொருளில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுக்கும் வேலையாக மாற்றாது. ஆகவே அதில் சமைத்தவர்கள் ரயில்வேக்கு எந்த நஷ்டமும் வைக்கவில்லை!

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கனடா நாட்டுப் பனி வண்டிக்காரர்களின் முறை. ஸ்னோமொபைல் என்னும் இந்த வண்டிக்கு முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும், பின்புறம் சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் ரப்பர்ப் பட்டையும் உண்டு. இது பிறந்த கதை சோகமானது. கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்ற ஊரில் ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சின்ன மகன் நோயுற்றான். பாதை முழுதும் பனி மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு போக வழியில்லை, குழந்தை இறந்துவிட்டது. பனியில் ஓடும் வண்டி செய்ய ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்த தகப்பனார் அதில் மேலும் தீவிரமாக இறங்கினார். 1937-இல் காப்புரிமை பெற்றார். முதலில் பலர் அமரும் பெரிய வண்டிகளும், 1959-இல் ஓரிருவர் அமரும் சிறிய வண்டியும் அவர் பட்டறையிலிருந்து வந்தன.

பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் நாள் முழுதும் இந்த வண்டியில் போகிறவர்கள் கொண்டுபோகும் ரொட்டி, மதியத்துக்குள் கல்லாக உறைந்துவிடும். அதனால் இன்ஜின் மூடியின் கீழே இருக்கும் சைலன்சர் மேல் ஒரு சிறு தகரப் பெட்டியைப் பொருத்திக்கொள்கிறார்கள். இறைச்சித் துண்டையோ முன்பே வேகவைத்த குழம்பையோ அலுமினியத் தாளில் பொதிந்து அதற்குள் வைத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் ஆவி பறக்கும் சாப்பாடு தயார். புகை உணவைத் தொடுவதில்லை. குழாயின் வெளிச்சூடு மட்டுமே தகரத்தின் வழியாக உள்ளே கடக்கிறது. முறையின் சூட்சுமம் இதுதான்.

அமெரிக்காவில் இருவர் மோட்டார் கார் இன்ஜினில் சமைப்பது பற்றி 1989-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். அதில் எந்தப் பண்டம் வேக எத்தனை நேரம் என்பதை மைல் கணக்கில் சொல்லியிருக்கிறார்கள். நம் மலைக்கு எழுதினால் கொண்டை ஊசி வளைவுக் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

நம் மலைக்கு வருவோம். இங்கே பனிப்பொழிவு இல்லை. டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல் மேல் உறைபனி படிவதோடு சரி. ஆனால் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் முன்னதாகவே கொதிக்கிறது. வத்தலக்குண்டில் 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு தீயை மூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். துவரம் பருப்பு வேகவில்லை என்று நம் வீடுகளில் எழும் புலம்பலுக்கு அடுப்பும் காரணம் அல்ல, பருப்பும் காரணம் அல்ல. பிரஷர் குக்கர் வந்துதான் நம் தாய்மார்களைக் காப்பாற்றியது. அதற்குள்ளே இங்கேயும் சுமார் 116 டிகிரி வரை சூடு எட்டும்.

ஆகையால் இன்ஜின் சூட்டில் அரிசியும் பருப்பும் சமைக்கும் எண்ணத்தை இங்கே விட்டுவிடலாம். குக்கரைத் தூக்கிப்போய் இன்ஜின் மேல் வைப்பேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்! இறுக மூடிய எந்தப் பாத்திரமும் அங்கே வெடிகுண்டுதான். வீட்டில் முன்பே வெந்ததைச் சூடாக்குவது வேறு. பச்சையாக இருப்பதை வேக வைப்பது வேறு. முதலாவது முடியும். இரண்டாவதில் உருளைக்கிழங்கு, முட்டை போன்றவை பொறுமைசாலிகளுக்கு ஒருவேளை சித்திக்கலாம்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் டப்பா உருகும். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் நல்லது; ஆனால் கொக்கியை இறுக்காமல், ஆவி போக வழி விட்டு வைக்க வேண்டும். அலுமினியத் தாளில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தக்காளிக் குழம்பு இவற்றைப் பொதியக் கூடாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். தாளில் பொத்தல் விழும், சோற்றில் உலோக ருசி ஏறும். நம் கட்டுச்சோற்றுக்குப் பெரியவர்கள் வாழையிலையைத் தேர்ந்தெடுத்தார்கள். புளியோதரை இரண்டு வேளை தாங்குவதற்குக் காரணமும் அந்தப் புளிப்பே. கிருமிகளுக்கு அது ஆகாது.

கிருமி என்றதும் பெற்றோர் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோம். இன்ஜின் மூடி மேல் கையை வைத்து நிதானமாக எடுக்க முடிகிறது என்றால், அங்கே சூடு 50 டிகிரிக்கு மேல் இல்லை என்று பொருள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்புதான் உணவைக் கெடுக்கும் கிருமிகள் செழிக்கும் எல்லை. சோற்றில் பாசில்லஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி உண்டு. அதன் விதைகள் சோறு கொதிக்கும்போது சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது, வாந்திதான் மிச்சம். காலை ஏழு மணிக்குக் கட்டிய சோற்றைப் பகல் ஒரு மணி வரை இளஞ்சூட்டில் வைத்திருப்பது, குளிர்ந்த சோற்றைச் சாப்பிடுவதை விட ஆபத்தானது. எனவே சூடாக வைப்பதானால் கை பொறுக்காத சூட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் குளிர்ச்சியாகவே வையுங்கள். நம் மலைக் குளிர் அந்த மட்டும் நமக்கு நண்பன். தயிர்சாதத்தை இன்ஜின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பள்ளிக்குக் கொண்டுவரும் சாப்பாட்டுக்கு இன்ஜினே தேவையில்லை. வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு, மூடி, பழைய கம்பளித் துணியில் நாலு சுற்றுச் சுற்றிக் கூடையில் வைத்தால் சூடு வெகு நேரம் இறங்காது. வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் கொதிக்கும் பானையை வைத்து மூடி, அடுப்பில்லாமலே சமையலை முடிக்கும் முறை ஐரோப்பாவில் போர்க்கால விறகுப் பஞ்சத்தில் கைகொடுத்தது. வெப்பத்தை உண்டாக்குவதை விட அதைத் தப்பவிடாமல் காப்பது மலிவு.

இன்னொரு எச்சரிக்கை, புகையைப் பற்றியது. இன்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். புகைக்குழாயின் வாய்க்கு நேரே உணவைக் காட்டுவதும், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் கூடவே கூடாது. கரி அடுப்பும் இதே வாயுவைத்தான் கக்குகிறது. 2024-இல் நம் கொடைக்கானலில், இறைச்சி சுட்ட கரி அடுப்பு அறைக்குள் புகைந்துகொண்டிருக்க, கதவை அடைத்துக்கொண்டு படுத்த பயணிகள் இருவர் காலையில் எழுந்திருக்கவே இல்லை. குளிருக்குக் கணப்பு வைக்கும் வீடுகளில் சன்னல் சற்றேனும் திறந்திருக்கட்டும்.

பயணத்தில் சூடான சாப்பாடு வேண்டும் என்ற ஆசை எவ்வளவு பெரிய விலை கேட்கும் என்பதற்கு மதுரையே சாட்சி. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் மாண்டார்கள். ஓடும் வண்டிக்குள் புதிதாகத் தீயைக் கொண்டுவருவதற்கும், இன்ஜின் ஏற்கெனவே வெளியே தள்ளும் சூட்டைப் பயன்படுத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை இதை வைத்து எடைபோடுங்கள்.

கடைசியாக, மலை ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு. ஏறும்போது இன்ஜின் கீழ்க் கியரில் திணறி உழைக்கிறது. டீசல் மிகுதியாக எரிகிறது. புகைக்குழாய் பழுக்கக் காய்கிறது. இறங்கும்போதோ ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறார். டீசல் ஏறக்குறைய நின்றேவிடுகிறது. இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்கிறது. அப்படியானால் இறக்கத்தில் சூடே இல்லையா? உண்டு. பத்து டன் எடையுள்ள பேருந்து 1,800 மீட்டர் கீழே இறங்கினால் சுமார் 42,000 கிலோ கலோரிக்குச் சமமான ஆற்றலை எங்காவது விட்டாக வேண்டும். அதில் ஒரு பகுதி பிரேக்கில் போய்ச் சேருகிறது. வளைவுகளில் மூக்கைத் துளைக்கும் கருகல் வாடை அதுதான். அங்கே டிபன் பாக்ஸ் வைக்க இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. ஆகவே ஏறும்போது இன்ஜின் மேல் வைத்த சாப்பாடு சூடாக வந்து சேரும். இறங்கும்போது வைத்தது ஆறித்தான் போகும். கீழே போகிறவர்கள் கொடைக்கானலிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். வளைவுகளில் தலை சுற்றி வாந்தி வரும் என்பவர்கள் மட்டும் வத்தலக்குண்டு வரை பொறுத்திருக்கலாம்.