பெரிய வைரமா? சென்ட்டை விடுங்க, மில்லிமீட்டரைக் கேளுங்க

பெண்ணாடத்துல இருந்து பேசறேன். போன வீடியோவுல செய்கூலி, சேதாரம் பத்திப் பேசினேன். அதுக்குக் கீழ வந்ததுல பாதி ஒரே கேள்விதான். "கல்யாண மோதிரத்துல 25 சென்ட் கல்லு இருக்கு. இப்ப 50 சென்ட்டா மாத்தப் போறோம். டபுள் சைஸ் தெரியுமா?"

தெரியாதுங்க. இதைக் கேட்டுட்டுக் கிளம்பறவங்க கிளம்பலாம். ஏன் தெரியாதுன்னு கேக்கறவங்க இருங்க.

கட், கலர், க்ளாரிட்டி, கேரட் பாடமெல்லாம் நான் எடுக்கப் போறதில்ல. அது உங்களுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். கேரட்டுங்கறது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம், அதுல நூத்துல ஒண்ணு ஒரு சென்ட். ஆனா உங்க நாத்தனார் உங்க விரலைப் பிடிச்சுப் பாக்கறப்ப தராசா கொண்டு வர்றாங்க? மேல தெரியற வட்டத்தைத்தான் பாப்பாங்க. ஒழுங்கா வெட்டின ரவுண்டு கல்லு 25 சென்ட்னா குறுக்களவு ஏறக்குறைய 4.1 மில்லிமீட்டர். 50 சென்ட்னா 5.1, 5.2. எடை ரெண்டு மடங்கு, கூடினது ஒரே ஒரு மில்லிமீட்டர். ஒரு முழு கேரட்டுக்குப் போனாலே ஆறரைதான்.

விருத்தாசலம் செராமிக் பட்டறையில வேலை பாக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். அச்சுல எடுத்த பொம்மை சூளைக்குப் போயிட்டு வந்தா சுருங்கும். நீளம், அகலம், உயரம் மூணுலயும் பத்துல ஒரு பங்கு சுருங்கினா, மொத்தக் கன அளவுல நூத்துக்கு 27 பங்கு காணாமப் போயிடும். வைரத்துல அதே கணக்கு தலைகீழா வேலை செய்யுது. எடையை ரெண்டு மடங்காக்கினா அந்தக் கூடுதல் மூணு திசைக்கும் பிரிஞ்சு போய், குறுக்களவுக்கு வந்து சேர்றது நூத்துக்கு 26தான். ஆனா காசு அப்படிப் பிரியாது! பெரிய கல்லு அபூர்வம்ங்கறதால கேரட் ரேட்டே மேல ஏறும். எடை டபுள்னா விலை டபுளையும் தாண்டிடும்.

அதனால கடையில உக்காந்ததும் கேக்க வேண்டிய முதல் கேள்வி, "இது எத்தனை மில்லிமீட்டர்?" இந்த வீடியோவுல இதை நான் இன்னும் பல தடவை சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

ஏன்னா 50 சென்ட் எல்லாம் ஒரே 50 சென்ட் இல்ல. சில கல்லு அடியில ஆழமா வெட்டியிருக்கும். எடையை வயித்துல பதுக்கி வச்சிருக்கும். மேல இருந்து பார்த்தா 4.9 தான் வரும். நீங்க காசு குடுக்கறது உலோகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற அடிவயித்துக்கு. சர்டிபிகேட்ல ஆழம்னு ஒரு சதவீதம் போட்டிருப்பாங்க. ரவுண்டு கல்லுக்கு 60லிருந்து 62 வரைக்கும் இருந்தா நல்லது. 65னு இருந்தா மரியாதையா திருப்பிக் குடுத்துடுங்க.

எடை மோகம் நமக்கு மட்டும் இல்ல. கோஹினூரை எடுத்துக்கோங்க. நம்ம நாட்டுல இருந்து போன கல்லு, 1851ல லண்டன் கண்காட்சியில வச்சாங்க. ஜனம் கூட்டம் கூட்டமா வந்து பார்த்துட்டு, "இவ்வளவுதானா, ஜொலிக்கவே இல்லையே"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டுப் போச்சு. விக்டோரியா ராணியோட வீட்டுக்காரர் ஆல்பர்ட்டுக்குப் பொறுக்கல. 1852ல ஆம்ஸ்டர்டாம்ல இருந்து ஆள் வரவழைச்சு மறுபடி வெட்டினாங்க. பழைய கணக்குல 186, இன்றைய கணக்குல 191 கேரட் இருந்த கல்லு 105.6 கேரட்டுக்கு வந்துடுச்சு. பாதிக்குப் பாதி போச்சுன்னு வயித்தெரிச்சல்பட்டவங்களும் உண்டு. ஆனா அதுக்கப்புறம்தான் அது மின்னுச்சு. வெளிச்சத்தைத் திருப்பித் தர்ற கல்லு, சின்னதா இருந்தாலும் பெருசா தெரியும். 60 சென்ட் மங்கல் கல்லும் 50 சென்ட் நல்ல கட்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு 50ஐ எடுப்பேன்.

மில்லிமீட்டர்னதும் ஞாபகம் வருது, திருச்சி. நம்ம ஸ்டேஷன்ல ரயில் ஏறினா அரியலூர் தாண்டி நேரா திருச்சி. அங்க சுத்துப்பட்டு ஊர்கள்ல பல தலைமுறையா செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டறாங்க. அமெரிக்கன் டைமண்டுன்னு நாம சொல்றது க்யூபிக் சிர்கோனியா. அதுக்கும் அமெரிக்காவுக்கும் பெருசா சம்பந்தமில்ல, 1970கள்ல அதைப் பெரிய அளவுல வளர்க்கற வழியைக் கண்டுபிடிச்சவங்க சோவியத் விஞ்ஞானிகள். அதுல இருக்கற சிர்கோனியம் நம்ம செராமிக்காரங்களுக்குச் சொந்தக்காரன். பீங்கான் மேல பூசற வெள்ளைப் பளபளப்புல சிர்கான் மாவு சேர்ப்பாங்க. பாருங்க, எங்க ஆரம்பிச்சு எங்க வந்துட்டேன். சொல்ல வந்தது என்னன்னா, அமெரிக்கன் டைமண்டு அதே அளவு வைரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். எடையில பேசினா குழப்பம். அதனால அந்த வியாபாரத்துல 4 எம்எம், 5 எம்எம்னுதான் பேசுவாங்க. குறைஞ்ச விலைக் கல்லு வாங்கறவங்க சரியான கேள்வி கேக்கறாங்க. லட்சம் குடுக்கற நாம சென்ட் சென்ட்டுன்னு அலையறோம்.

அடுத்தது, இப்ப எல்லாரும் குழம்பிக் கிடக்கற லேப் வைரம். அது அமெரிக்கன் டைமண்ட் இல்ல. நிஜ வைரம்தான், மண்ணுக்குள்ள விளையாம மெஷின்ல விளையுது. 2023ல பிரதமர் மோடி, அப்ப அமெரிக்க அதிபரா இருந்த பைடனோட மனைவிக்குக் குடுத்த 7.5 கேரட் பச்சை வைரம் இந்த வகைதான். அதே வருஷம் மத்திய அரசு இதுக்கான ஆராய்ச்சி மையத்தைச் சென்னை ஐஐடிக்குக் குடுத்துச்சு, அஞ்சு வருஷத்துக்கு 242.96 கோடி ரூபாய். கடையில குத்திப் பாக்கற சாதாரண டெஸ்டர் பேனா, லேப் கல்லையும் சுரங்கக் கல்லையும் பிரிச்சுக் காட்டாது. அதே காசுக்கு ரொம்பப் பெரிய கல்லு கிடைக்கும். ஆனா திருப்பி விக்கப் போனா கை விரிச்சுடுவாங்க. என் கருத்து: ஆசைக்குப் போட்டுக்கறீங்களா, லேப் வாங்குங்க. பொண்ணுக்குச் சேர்த்து வைக்கறோம்னு சொல்லிக்கிட்டு மட்டும் அதை வாங்காதீங்க. இயற்கைக் கல்லுமே தங்கம் மாதிரி சேமிப்பு கிடையாது. அதைச் சொன்னா சண்டைக்கு வருவீங்க.

கேமரா தம்பி வாட்சைக் காட்டறான். வேகமா சொல்றேன், எழுதிக்கோங்க.

25ல இருந்து 30, 35க்கு மாத்தாதீங்க, தண்டம். அரை மில்லிமீட்டருக்குக் கீழ கூடினா யாருக்கும் தெரியாது. சரியா 50, 70, ஒரு கேரட்னு வர்ற இடத்துல ரேட் குதிக்கும். 47 சென்ட் கேளுங்க, வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர். ஓவல் வடிவம் அதே எடையில ரவுண்டைவிடப் பெருசா தெரியும், நடுவுல கறுப்பா நிழல் விழுதான்னு மட்டும் பாருங்க. மஞ்சத் தங்கத்துல பதிக்கறதா இருந்தா கலர்ல ஒரு படி, ரெண்டு படி இறங்கலாம், காசு மிச்சம். க்ளாரிட்டியில வெறும் கண்ணுக்குச் சுத்தமா இருந்தா போதும். வீட்டுப் பெரியவங்க கரும்புள்ளி ஆகாதும்பாங்க, அதை மட்டும் லென்ஸ்ல பார்த்துட்டு வாங்கிடுங்க, வீட்டுல நிம்மதி.

பழைய மோதிரத்துல பெரிய கல்லு உக்காராது. கல்லைப் பிடிக்கற மேல்பகுதியை மாத்தணும், அந்தச் செலவை முன்னாடியே கேளுங்க. எக்ஸ்சேஞ்ச் வேற, காசாத் திருப்பித் தர்ற பைபேக் வேற. செய்கூலியும் கட்டின 3 சதவீத ஜிஎஸ்டியும் திரும்பி வராது. பழைய கல்லுக்கு இன்னைய ரேட்டா, வாங்கின அன்னைய ரேட்டா? இதை வாயால கேக்காதீங்க, பில்லுல எழுதி வாங்குங்க. சர்டிபிகேட் நம்பர் கல்லோட விளிம்புல லேசர்ல பொறிச்சிருந்தா லென்ஸ் வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. தங்கத்துல ஹால்மார்க்கோட ஆறு எழுத்து ஹெச்யுஐடி குறி இருக்கணும். அப்பர் சாமிகளே நம்ம ஊர்க் கோயில்லதான் சிவன்கிட்ட தன் தோள்ல சூலக்குறியும் இடபக்குறியும் பொறிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கினாரு. முத்திரை கேக்க நமக்கென்ன வெக்கம்? ரெண்டு லட்சம், அதுக்கு மேலன்னா ரொக்கம் வாங்க மாட்டாங்க, பான் கார்டு எடுத்துட்டுப் போங்க.

வீட்டுல இருக்கற பழைய வைர பில்லை இன்னைக்கே எடுத்துப் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் பத்தி அதுல என்ன எழுதியிருக்குன்னு, கடைப் பேரை மறைச்சுட்டுக் கீழ போடுங்க. அடுத்த வீடியோவுல அதையே எடுத்து வரி வரியாப் பேசறேன். அதுவரைக்கும் எந்தக் கடையில உக்காந்தாலும், மில்லிமீட்டர் கேளுங்க.