முதலிரவு அவனுக்கும் முதல் இரவுதான்!

நாவல் படிக்காத பெண் நம்மில் யார்? அரியலூர் ரயில் நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருக்கும் பெண்களைப் பாருங்கள். ஒருத்தி மடியில் பாக்கெட் நாவல் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எட்டிப் பார்த்தால் அதிலும் தொடர்கதைதான்! ரயிலே வராத பெரம்பலூரிலும், பஸ் ஸ்டாண்டில் இதே காட்சிதான்.

அந்தக் கதைகளின் நாயகனை நமக்கு நன்றாகத் தெரியும். உயரமானவன், வசதியானவன், கொஞ்சம் கோபக்காரன். ஆனால் ஒழுக்கசீலன்! கதாநாயகியைப் பார்க்கும் வரை வேறொரு பெண்ணை ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டான். நமக்கும் அதுதானே பிடிக்கிறது?

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பெண்ணின் விரலைக்கூடத் தொட்டறியாத அந்த மனிதன், கல்யாணமான அன்று இரவு மட்டும் எல்லாம் தெரிந்தவனாக எப்படி மாறுகிறான்? தடுமாற்றம் இல்லை, பயம் இல்லை, வேர்ப்பதுகூட இல்லை. எங்கே கற்றுக்கொண்டான் இதையெல்லாம்? கதாசிரியர் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

கூச்சம் தெரிந்த நாயகர்கள்

பழைய கதைகளில் கூச்சப்படும் நாயகர்கள் இருந்தார்கள். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் வழியில் கீழப்பழுவூரைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் 'பொன்னியின் செல்வன்' நினைவு வரும். பழுவேட்டரையர்களின் ஊராயிற்றே! 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அந்தத் தொடரில் எல்லோரும் வந்தியத்தேவன் மேல்தான் மையல் கொண்டார்கள். எனக்கென்னவோ சேந்தன் அமுதனைத்தான் பிடிக்கும். கோயிலுக்குப் பூத்தொடுத்துக் கொடுக்கும் சாதுப் பிள்ளை. பூங்குழலியின் மேல் உயிரையே வைத்திருந்தும் அதைச் சொல்லத் திணறுகிறவன். கடைசியில் துணிச்சல்காரியான பூங்குழலி கைப்பிடிப்பது அவனைத்தான்!

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' அரவிந்தனை மறக்க முடியுமா? லட்சியவாதி. பூரணியை மணக்கும் முன்பே இறந்துபோகிறான். அதைப் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைத்த குடும்பங்கள் உண்டு. அவ்வளவு தூய்மையான காதலன்தான்; ஆனால் கல்யாணமாகி அவன் எப்படிக் குடும்பம் நடத்துவான் என்று பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் நிறுவனத்தின் நாவல்களில், நாயகி ஏதும் அறியாதவளாகவும் நாயகன் எல்லாம் அறிந்தவனாகவும் இருப்பதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 1991-ல் டயானா கேபல்டன் எழுதிய 'அவுட்லேண்டர்' நாவல் அதைத் தலைகீழாக்கியது. அதில் நாயகி ஏற்கெனவே மணமான ஒரு நர்ஸ். நாயகன் ஜேமிக்குத்தான் எல்லாம் புதிது. அதை அவன் மறைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறான். படித்த பெண்கள் அவனைக் கேலி செய்யவில்லை, கொண்டாடினார்கள்!

நம் வீட்டில் நடப்பது

கதையை விடுங்கள். நம் ஊர்ப் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

பெரம்பலூர் பக்கத்தில் ஒரு கிராமம். கல்யாணமாகி மூன்று வாரமே ஆன பெண் என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, அவருக்கு என்னைப் பிடிக்கலை போலிருக்கு. பக்கத்துலயே வர மாட்டேங்கிறார். வேற யாரையாவது மனசுல வச்சிருக்காரோ?" என்றாள். மாப்பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் வேலை. லீவு நாற்பத்தைந்து நாள். மாமியாரோ தினமும் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நீயே அவரிடம் கேட்டாயா?" என்றேன்.

"நான் எப்படிக்கா கேக்கறது? தப்பா நெனச்சுட்டா?"

ஒருவழியாகத் தைரியம் சொல்லி அனுப்பினேன். நாலு நாள் கழித்து வந்தவள் முகத்தில் சிரிப்பு. "ஏங்க, என்னைப் பிடிக்கலையா?"ன்னு அவள் கேட்டாளாம். அதற்கு அந்தப் பிள்ளை, "பிடிக்காம இல்ல. எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீ சிரிச்சுடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றானாம். இவளும், "எனக்கு மட்டும் தெரியுமா என்ன?" என்று சொல்ல, இரண்டு பேரும் அன்று ராத்திரி வெகு நேரம் பேசிக்கொண்டே இருந்தார்களாம். அவ்வளவுதான் விஷயம்!

ஆனால் எல்லா வீட்டிலும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. பெண் தாய் வீட்டில் சொல்ல, அது 'ஆண்மை இல்லை' என்ற பேச்சாகி, பஞ்சாயத்து வரை போய்விடுகிறது. பயத்துக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டு குடும்பங்கள் பிரிவது எவ்வளவு கொடுமை!

டாக்டர்கள் சொல்வது

பயமும் பதற்றமும் வந்தால் ஆணின் உடல் ஒத்துழைக்காது. பரீட்சை ஹாலில் படித்தது மறந்துபோவது போலத்தான். அட்ரினலின் என்ற சுரப்பு அதிகமாகி ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுவதால் வரும் தற்காலிகத் தடை. ஒரு தடவை இப்படி ஆனதும், 'மறுபடியும் ஆகிவிடுமோ' என்ற கவலையே அடுத்த தடவையும் தடையாகிவிடுகிறது. மனைவியின் ஒரு ஏளனப் பார்வை இதை இரட்டிப்பாக்கும். ஒரு ஆறுதல் வார்த்தை பாதியாகக் குறைத்துவிடும்.

பெண்ணுக்கும் பயம் உண்டு. சிலருக்கு இடுப்படித் தசைகள் தம்மையறியாமல் இறுகிக்கொள்ளும். இதற்கு வெஜைனிஸ்மஸ் என்று பெயர். அது பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை, சிகிச்சையால் சரியாகக்கூடியது. முதல் உறவில் எல்லாப் பெண்ணுக்கும் ரத்தம் வரும் என்பதும் தவறு. அதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை எடை போடுவது மகா பாவம்.

தூக்கத்தில் விந்து வெளியாவதால் ஆண்மை போய்விடும் என்று நடுங்கும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அது வளரும் உடலின் இயல்பு, பலவீனம் இல்லை. இந்தப் பயத்தை வைத்துத்தான் லாட்ஜில் ரூம் போட்டு லேகியம் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள். இப்படிப்பட்ட விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

செல்போனில் வரும் ஆபாசப் படங்களும் பாடம் ஆகாது. அது நடிப்பு. அதைப் பார்த்துவிட்டு வரும் ஆண் மனைவியைப் பயமுறுத்துகிறான், அல்லது தன்னையே தாழ்வாக நினைத்துக்கொள்கிறான்.

வாத்ஸ்யாயனர்கூட, மணமான முதல் மூன்று இரவுகள் தம்பதி விலகியே இருக்க வேண்டும், பிறகும் பெண்ணின் நம்பிக்கையைப் பெற்ற பின்பே நெருங்க வேண்டும் என்கிறார். வற்புறுத்தப்பட்ட பெண் கணவனை வெறுத்துவிடுவாள் என்று எச்சரிக்கவும் செய்கிறார். எவ்வளவு காலத்துக்கு முந்தைய புத்தி பாருங்கள்!

என்ன செய்யலாம்?

முதல் சில வாரங்களில் அவசரம் வேண்டாம். பேசுங்கள், சேர்ந்து நடந்து வாருங்கள், சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு ஒரு வெள்ளிக்கிழமை போய் வாருங்கள். பழக்கம் வந்தால் பயம் தானே போகும். இருவருக்கும் மனம் இருக்கும் நாளே நல்ல நாள்.

சில மாதங்கள் ஆகியும் தடை நீங்காவிட்டால் இருவருமாக டாக்டரிடம் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மகப்பேறு டாக்டரையோ மனநல டாக்டரையோ பார்க்கலாம். கணவருக்கு இது புதிதாக வந்த தொல்லை என்றால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதிப்பது அவசியம்.

மாமியார்மார்களே, இரண்டாம் மாதமே "ஏதாவது விசேஷமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி மூடிய கதவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பேரையும் நடுங்க வைக்கும்.

பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பிள்ளை பெரியவளானால் நாலு விஷயம் சொல்லித் தருகிறோம். ஆண் பிள்ளைக்கு மீசை முளைத்தால் யார் சொல்லித் தருகிறார்கள்? 'தானே தெரிஞ்சுக்குவான்' என்று விட்டுவிடுகிறோம். அவன் தெரிந்துகொள்வது செல்போனிலிருந்தும் தெருமுனையிலிருந்தும்தான். அப்பாவோ மாமாவோ குடும்ப டாக்டரோ பக்குவமாகச் சொல்லட்டும். உடம்பைப் பற்றி மட்டுமல்ல; 'தெரியாது' என்று மனைவியிடம் சொல்வது கேவலம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

நாவல் எழுதும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் நாயகனை ஒரே ஒரு கதையிலாவது கொஞ்சம் தடுமாற விடுங்கள். அவன் கை நடுங்கட்டும். நாயகி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். அதைப் படிக்கும் எங்கள் ஊர்ப் புதுப்பெண் ஒருத்தி, தன் புருஷனைச் சந்தேகப்படாமல் புரிந்துகொள்வாள்.